பால் வேண்டும், காளைக்கன்று வேண்டாம்: கேரளத்தின் மாட்டிறைச்சிக் கணக்கில் விடுபட்டது எது?

திருவனந்தபுரம்: தமிழக எல்லையான களியக்காவிளையிலிருந்து புறப்படும் நெடுஞ்சாலை நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் ஆகிய ஊர்களைக் கடந்து கரமனையில் திருவனந்தபுரம் நகருக்குள் நுழைகிறது. தலைநகரத்துக்கு வேண்டிய காய்கறி, பூ, வைக்கோல் ஆகியவை இந்தச் சாலை வழியாக வருகின்றன. இறைச்சிக்கான மாடுகளும் இதே சாலையில்தான் வருகின்றன.

அதே வேளையில், நகரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஒன்றிரண்டு கலப்பினக் கறவை மாடுகளை வைத்திருக்கும் குடும்பங்களின் தொழுவங்களில் ஆண்டு முழுவதும் கன்றுகள் பிறந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழப் பாதி காளைக்கன்றுகள். கிடேரிக் கன்று நாளைய கறவை மாடாக வளர்க்கப்படுகிறது. காளைக்கன்றோ சில வாரங்களில் தொழுவத்தை விட்டு வெளியேறிவிடுகிறது.

மாட்டிறைச்சியை அன்றாட உணவாகக் கொண்ட ஒரு மாநிலம், தன் தொழுவத்தில் பிறக்கும் கன்றை வளர்க்காமல், அண்டை மாநிலங்களில் கறவையும் உழைப்பும் ஓய்ந்த மாடுகளை வாங்குவது ஏன்? இந்தக் கேள்விக்கான விடை மத நம்பிக்கையிலோ அரசியலிலோ மட்டும் இல்லை. பால், தீவனம், இறைச்சி ஆகியவற்றின் விலைக்கணக்கிலும், அந்தக் கணக்கைத் தீர்மானிக்கும் சட்டங்களிலும் அது பொதிந்திருக்கிறது.

கலப்பினம் வந்த வழி

கேரளத்தின் இன்றைய மாடுகளின் வரலாறு 1963-இல் தொடங்குகிறது. இந்திய, சுவிட்சர்லாந்து அரசுகளின் ஒப்பந்தப்படி, மூணாறு அருகேயுள்ள மாட்டுப்பட்டியில் இந்தோ-சுவிஸ் திட்டம் தொடங்கப்பட்டது. உருவத்தில் சிறியவையும் குறைவாகப் பால் தருபவையுமான உள்ளூர் மாடுகள் பிரவுன் சுவிஸ் இனக் காளைகளுடன் கலக்கப்பட்டன. பின்னர் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் பிரீசியன் இனங்களும் சேர்க்கப்பட்டன. இவ்வாறு உருவான கலப்பினமே 'சுனந்தினி'.

இதற்குச் சட்டமும் துணை நின்றது. 1961-ஆம் ஆண்டின் கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம், உரிமம் பெறாத காளைகளை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தி, அவற்றுக்கு ஆண்மை நீக்கம் செய்ய வழிவகுத்தது. திருவனந்தபுரம் பட்டத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம், மாட்டுப்பட்டி, தோணி, குளத்துப்புழை ஆகிய இடங்களில் உறைவிந்து நிலையங்களை நடத்திச் செயற்கைக் கருவூட்டலைச் சிற்றூர்கள் வரை கொண்டு சேர்த்தது.

பாலைப் பொறுத்தவரை இத்திட்டம் பெரும் வெற்றி. இன்று கேரளத்தின் மாடுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை கலப்பினம். கறவையில் உள்ள ஒரு கலப்பின மாடு நாளொன்றுக்குச் சராசரியாக 10 லிட்டர் அளவுக்குப் பால் தருகிறது. மறுபுறம், 1996-இல் ஏறத்தாழ 34 லட்சமாக இருந்த மாடுகளின் எண்ணிக்கை 2012-இல் 13.29 லட்சமாகச் சரிந்தது. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 13.42 லட்சம். மாடுகள் குறைந்தன, ஒரு மாட்டின் மீது வைக்கப்பட்ட எதிர்பார்ப்பு கூடியது.

இந்த மாற்றத்தில் ஆண் மாடு தன் வேலைகளை ஒவ்வொன்றாக இழந்தது. உழவை டிராக்டரும் பவர் டில்லரும் எடுத்துக்கொண்டன. வண்டிமாட்டின் இடத்துக்குச் சரக்கு ஆட்டோ வந்தது. வெயிலைத் தாங்கும் திறன் குறைந்த கலப்பினக் காளை, நாட்டுக் காளையைப்போல உழவுக்கும் ஏற்றதாக இல்லை. ஒரே பொலிகாளையிலிருந்து ஆயிரக்கணக்கான உறைவிந்துக் குச்சிகள் தயாரிக்கப்படுவதால், இனப்பெருக்கத்துக்கும் ஊருக்கு ஒரு காளை தேவைப்படவில்லை.

ஆயினும் இயற்கையின் விதி மாறவில்லை. மாடு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். பாலுக்காக மாடு வளர்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு ஈற்றில் ஒன்று காளைக்கன்றாக அமைவது இயல்பு.

கணக்கெடுப்பு காட்டும் இடைவெளி

20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2019-இல் நாட்டில் 19.25 கோடி மாடுகள் இருந்தன. அவற்றில் பசுக்களும் கிடேரிகளும் 14.51 கோடி. காளைகளும் எருதுகளும் காளைக்கன்றுகளும் சேர்ந்து ஏறத்தாழ 4.74 கோடி மட்டுமே. 2012-உடன் ஒப்பிட்டால், பெண் மாடுகள் 18 விழுக்காடு பெருகியுள்ளன. ஆண் மாடுகளோ 30 விழுக்காடு குறைந்துள்ளன.

பிறப்பில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமம். எனவே மூன்றுக்கு ஒன்று என்ற இந்த இடைவெளி பிறப்புக்குப் பின்னர் ஏற்படுவது. மாடு வெட்டுவதைத் தடை செய்துள்ள மாநிலங்கள், செய்யாத மாநிலங்கள் இரண்டும் சேர்ந்ததே இந்தத் தேசியக் கணக்கு. சில கன்றுகள் போதிய பாலும் சீம்பாலும் கிடைக்காமல் முதல் மாதங்களிலேயே இறக்கின்றன. சில தரகர்களிடம் சொற்ப விலைக்குப் போகின்றன. வேறு சில சாலையிலும் கோயில் வாசலிலும் விடப்படுகின்றன.

உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் ஒரு விலங்கை வைத்திருப்பதும், தக்க காரணமின்றிக் கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல்முறை குற்றத்துக்கு அச்சட்டம் விதிக்கும் உச்ச அபராதம் 50 ரூபாய். ஒரு வேளைத் தீவனத்தின் விலையைத் தாண்டாத அபராதம் எந்தக் கன்றையும் காப்பாற்றப்போவதில்லை.

கேரள அரசின் கன்று வளர்ப்பு உதவியும் இந்தப் போக்கையே பிரதிபலிக்கிறது. மானிய விலையில் கன்றுத் தீவனம் வழங்கும் 'கோவர்த்தினி' திட்டம் கிடேரிக் கன்றுகளுக்கானது. நாளை பால் தரும் கன்றுக்கு அரசு முதலீடு செய்வது புரிந்துகொள்ளத் தக்கதே. அதே தொழுவத்தில் பிறக்கும் மற்றொரு பாதிக் கன்றுகளுக்கு என்ன வழி என்பதை அத்திட்டம் சொல்வதில்லை.

ஒரு கன்றின் செலவுக் கணக்கு

காளைக்கன்றை இறைச்சிக்காக வளர்த்தால் கட்டுபடியாகுமா? ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பிறக்கும்போது 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் 60 நாள்களுக்குப் பால் தரப்படுவதாகக் கொள்வோம். மொத்தம் 180 லிட்டர். பால் கூட்டுறவுச் சங்கத்தில் லிட்டருக்கு 40 ரூபாய் கிடைப்பதாகக் கணக்கிட்டாலும், கன்று குடித்த பாலின் மதிப்பு 7,200 ரூபாய்.

அதன்பின் 18 மாதம் நிறையும் வரை, அதாவது மேலும் 480 நாள்களுக்கு, தினமும் 2 கிலோ அடர்தீவனமும் 3 கிலோ வைக்கோலும் தருவதாகக் கொள்வோம். அடர்தீவனம் கிலோ 30 ரூபாய் என்றால் 28,800 ரூபாய் ஆகும். வைக்கோல் கிலோ 10 ரூபாய் என்றால் 14,400 ரூபாய். பாலையும் சேர்த்தால் மொத்தச் செலவு 50,400 ரூபாய்.

நாளொன்றுக்கு அரைக் கிலோ வீதம் எடை கூடினால், 18 மாதத்தில் அந்தக் கன்று ஏறத்தாழ 295 கிலோ இருக்கும். வெட்டிச் சுத்தம் செய்தபின் அதில் பாதி, எலும்புடன் 147 கிலோ அளவுக்கு இறைச்சியாகத் தேறும். அப்படியானால் ஒரு கிலோ இறைச்சிக்குத் தீவனச் செலவு மட்டுமே 340 ரூபாயை எட்டுகிறது. வளர்ப்பவரின் உழைப்பு, மருத்துவம், கன்று இறந்துபோகும் அபாயம், தரகு, கடைக்காரரின் லாபம் ஆகியவை இதற்கு மேல்.

இந்தக் கணக்கில் விலைகள் ஊருக்கு ஊர் மாறலாம். சொந்தமாகப் பசுந்தீவனம் வளர்ப்பவருக்குச் செலவு குறையும். ஆனால் அடிப்படை நிலை மாறாது. வைக்கோலைக்கூட எல்லைக்கு அப்பாலிருந்து வாங்கும் ஒரு மாநிலத்தில், காளைக்கன்று வளர்ப்பவருக்கு மிஞ்சுவது மிகக் குறைவு.

பால் செலுத்திவிட்ட விலை

இதற்கு எதிரே நிற்பது எல்லை தாண்டி வரும் முதிர்ந்த மாடு. அதைக் கன்றாகவும் கிடேரியாகவும் வளர்த்த செலவை அது தந்த பால் ஏற்கெனவே ஈடுகட்டிவிட்டது. எருதாக இருந்தால் அதன் உழைப்பு ஈடுகட்டிவிட்டது. பல ஈற்றுக்குப் பிறகு பால் வற்றிய மாட்டை விவசாயி விற்கும்போது கிடைக்கும் தொகை அவருக்கு எஞ்சிய வரவு. அந்தத் தொகையுடன் இன்னும் கொஞ்சம் சேர்த்துத்தான் அடுத்த கறவை மாட்டை அவர் வாங்குகிறார்.

எனவே கேரளத்து இறைச்சிக் கடைகளில் நிலவும் விலை, இறைச்சிக்காக வளர்க்கப்பட்ட மாட்டின் விலை அன்று. அது பால்தொழிலின் உபபொருளுக்கான விலை. இறைச்சிக்கென்றே முழுச் செலவில் வளர்க்கப்படும் கன்று, வளர்ப்புச் செலவு முழுவதையும் பால் ஏற்றுக்கொண்ட ஒரு மாட்டுடன் அதே கடையில், அதே விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. அந்தப் போட்டியில் கன்று தோற்பது கணக்கின்படி நடப்பதே.

18 மாதக் காளையின் மென்மையான இறைச்சியும் 12 வயது மாட்டின் முற்றிய இறைச்சியும் பெரும்பாலான கடைகளில் ஒரே பெயரில், ஒரே விலைக்கு விற்கப்படுவது இதை மேலும் இறுக்குகிறது. வயது, எடை, கொழுப்பு ஆகியவற்றின் அடிப்படையில் தரம் பிரித்து விலை வைக்கும் முறை இல்லாத சந்தையில், நல்ல கன்றை வளர்த்தவருக்குக் கூடுதல் விலை கிடைக்க வழியில்லை.

வளர்ப்புக்கு இடம் வைக்காத சட்டங்கள்

சட்டங்களும் இதே கண்ணோட்டத்தில் எழுதப்பட்டவை. அரசியலமைப்பின் 48-வது பிரிவு, பசு, கன்று, மற்றக் கறவை மற்றும் உழவு மாடுகளை வெட்டுவதைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் என்று வழிகாட்டுகிறது. 1958-இல் முகமது ஹனீப் குரேஷி வழக்கில், பசுவையும் கன்றையும் வெட்டுவதற்கான முழுத் தடை செல்லும் என்று கூறிய உச்ச நீதிமன்றம், பயன் முடிந்த எருதுகளுக்கு அத்தகைய முழுத் தடை நியாயமன்று என்றது. 2005-இல் குஜராத் சட்டம் தொடர்பான வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, எருதுகளுக்குமான முழுத் தடையை ஏற்றது.

தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 10 வயதைக் கடந்த, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் தகுதியற்ற மாடுகளுக்கு வெட்டுவதற்கான சான்றிதழ் வழங்க இடமளிக்கிறது. 1976-ஆம் ஆண்டின் அரசாணை பசுவையும் கிடேரியையும் வெட்டுவதற்குத் தடை விதித்தது. கேரளத்தில் மாடு வெட்டுவதைத் தடை செய்யும் தனிச் சட்டம் இல்லை. உள்ளாட்சி விதிகளே அதை ஒழுங்குபடுத்துகின்றன. அங்கும் 1964-ஆம் ஆண்டின் ஊராட்சி இறைச்சிக்கூட விதிகள் 10 வயது, உழைப்புக்குத் தகுதியின்மை என்ற அளவுகோலையே வகுத்திருந்தன.

தடை செய்யும் சட்டமாயினும் அனுமதிக்கும் விதியாயினும், இரண்டும் ஒன்றையே கருதுகின்றன. மாடு என்பது முதலில் உழைக்க வேண்டும் அல்லது பால் தர வேண்டும். இறைச்சி அதன் வாழ்நாளின் முடிவில் வரும் ஒன்று. இறைச்சிக்காகவே ஒரு மாடு வளர்க்கப்படலாம் என்ற எண்ணம் இந்தச் சட்டங்கள் எழுதப்பட்ட காலத்தில் இல்லை. உழவுக்கும் போகாத, பாலும் தராத கலப்பினக் காளைக்கன்று, அந்தக் காலம் அறியாத ஒரு விலங்கு.

2017 கற்பித்த பாடம்

எல்லை தாண்டி வரும் மாடுகளை மட்டும் நம்பியிருப்பதன் அபாயம் 2017-இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டு மே 23 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட கால்நடைச் சந்தை ஒழுங்குமுறை விதிகள், வெட்டுவதற்காக மாடுகளைச் சந்தையில் விற்பதைத் தடுத்தன. எருமையும் ஒட்டகமும்கூட அந்த விதிகளின் வரையறைக்குள் வந்தன.

மே 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூன் 8 அன்று கேரளச் சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி விதிகளுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. நேமம் தொகுதியின் அன்றைய உறுப்பினரும் பாஜகவின் ஒரே சட்டமன்ற உறுப்பினருமான ஓ.ராஜகோபால் மட்டும் அதை எதிர்த்தார். ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் மதுரைக் கிளையின் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

அந்த விவாதம் உணவு உரிமை, மாநில உரிமை என்ற தளங்களில் சூடாக நடந்தது. சந்தை நின்றுபோனால் கேரளத்தின் இறைச்சித் தேவையை உள்ளூரில் நிறைவு செய்ய முடியுமா என்ற கேள்வி அதே அளவுக்குப் பேசப்படவில்லை. பின்னர் கர்நாடகம் 2021 முதல் கடுமையான மாடு வெட்டுத் தடைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தை இறுக்கும்போது, சட்டப்படி மாடு வரும் வழி குறுகி, பயணம் நீள்கிறது.

அந்தப் பயணத்தின் விலையை மாடுகளும் செலுத்துகின்றன. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், ஒரு சாதாரணச் சரக்கு வாகனத்தில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்கின்றன. எல்லைச் சோதனைச் சாவடிகளில் பிடிபடும் வண்டிகள், இந்த விதி எவ்வளவு மீறப்படுகிறது என்பதற்குச் சான்று. கோமாரி நோய் போன்ற தொற்றுகளும் இத்தகைய போக்குவரத்துடன் சேர்ந்தே பயணிக்கின்றன.

எருமைக்கன்று காட்டும் வழி

கன்றை வளர்த்து இறைச்சிக்கு விற்கும் முறை கேரளத்துக்கு முற்றிலும் புதிதன்று. உள்ளாட்சி அமைப்புகள் மானியத்துடன் எருமைக் கிடாக்கன்றுகளை வழங்கும் திட்டங்களைச் செயல்படுத்தி வருகின்றன. 'போத்துக்குட்டி வளர்ப்பு' என்று மலையாளத்தில் அழைக்கப்படும் இத்தொழிலில், ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ வளர்த்துப் பண்டிகைக் காலங்களில் விற்பது வழக்கம். தரமற்ற புல்லையும் வைக்கோலையும் செரித்து எடை கூடும் திறன் எருமைக்கு அதிகம் என்பதால் தீவனச் செலவு குறைகிறது. பசு தொடர்பான சட்டச் சிக்கலும் மன வருத்தமும் இதில் இல்லை.

தேசிய அளவிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. எருமைக் கிடாக்கன்றுகள் பால் மறுக்கப்பட்டு இறப்பதைத் தடுத்து, அவற்றை இறைச்சிக்காக வளர்க்கும் திட்டத்தை 11-வது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மத்திய அரசு வகுத்தது. இந்தியாவிலிருந்து மாட்டிறைச்சி என்ற பெயரில் ஏற்றுமதியாவது எருமை இறைச்சி மட்டுமே. பசு, எருது, கன்று ஆகியவற்றின் இறைச்சியை ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது.

கேரள அரசுக்குச் சொந்தமாகவே ஓர் இறைச்சி நிறுவனம் இருக்கிறது. 1973-இல் தொடங்கப்பட்ட மீட் பிராடக்ட்ஸ் ஆப் இந்தியா, எர்ணாகுளம் மாவட்டம் கூத்தாட்டுக்குளம் அருகே இடையாறில் ஆலை நடத்துகிறது. கன்றைத் தந்து, வளர்ந்த மாட்டை எடைக்கு விலை வைத்துத் திரும்ப வாங்கும் ஒப்பந்த முறைக்கு இத்தகைய பொதுத்துறை நிறுவனம் அடித்தளமாக முடியும். கோழி வளர்ப்பில் இம்முறை தென்மாநிலங்களில் வேரூன்றிவிட்டது. மாட்டுக்கன்றில் அது பெரிய அளவில் முயலப்படவில்லை.

வெளிநாடுகள் செய்வது என்ன?

காளைக்கன்றின் சிக்கல் உலகப் பால்தொழில் முழுவதற்கும் பொதுவானது. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா போன்ற நாடுகள் அதற்கு இனக்கலப்பின் மூலம் விடை காண்கின்றன. மந்தையில் சிறந்த பசுக்களுக்கு மட்டும் பெண் கன்று தரும் உறைவிந்து செலுத்தப்படுகிறது. மற்றப் பசுக்களுக்கு ஆங்கஸ், பெல்ஜியன் ப்ளூ போன்ற இறைச்சி இனங்களின் விந்து பயன்படுத்தப்படுகிறது. அவ்வாறு பிறக்கும் கன்று ஆணாயினும் பெண்ணாயினும் சதைப்பிடிப்புடன் வளர்வதால், அதை வாங்கி வளர்க்கத் தனிப் பண்ணைகள் போட்டியிடுகின்றன.

அமெரிக்காவில் 2024-இன் தொடக்கத்தில் மாடுகளின் எண்ணிக்கை 1951-க்குப் பிந்தைய மிகக் குறைந்த அளவைத் தொட்டது. இறைச்சிக்கான கன்றுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால், பால் பண்ணைகளில் பிறக்கும் கலப்பினக் கன்றுகளின் விலை உயர்ந்து, பால் விற்பனைக்கு அடுத்த வருவாயாக மாறியது. ஒரே தாய் பாலையும் இறைச்சிக்கன்றையும் தருவதால், தனி இறைச்சி மந்தையை விடக் கிலோவுக்கு வெளியாகும் பசுங்குடில் வாயுவும் குறைவு.

நியூசிலாந்தில் பிறந்த சில நாள்களில் கன்றுகள் வெட்டப்படுவது நெடுங்காலமாக விமர்சிக்கப்பட்டு வந்தது. அந்நாட்டின் பெரும் பால் கூட்டுறவு நிறுவனமான பான்டெரா, பயன்படுத்த வழியிருக்கும்போது கன்றுகளைப் பண்ணையிலேயே கொன்றுவிடுவதற்கு எதிரான நிபந்தனையை 2023 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் கன்றுகளைத் திரும்பக்கூட இடமில்லாத தனிக் கூண்டுகளில் அடைத்து வளர்ப்பதை 2007 முதல் தடை செய்தது. அங்கெல்லாம் கன்றின் நிலை, பால் வாங்கும் நுகர்வோர் கேட்கும் கேள்வியாகிவிட்டது.

இந்த முறையை அப்படியே கேரளத்துக்குக் கொண்டுவர முடியாது. அரசின் கருவூட்டல் திட்டங்கள் பாலை மையமாகக் கொண்டவை. இறைச்சி இனங்களுக்கு அவற்றில் இடமில்லை. கேரளத்தின் ஈரமும் வெப்பமும் குளிர்நாட்டு இனங்களுக்கு ஏற்றவையல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே நூற்றுக்கணக்கான மாடுகள் கொண்ட மந்தைகள் உள்ளன. இங்கே ஒரு வீட்டில் இரண்டு மாடுகள். ஒரே ஒரு காளைக்கன்றை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக்காரரும் தொழில் தொடங்க இயலாது. பல வீடுகளின் கன்றுகளைத் திரட்டி வளர்க்கும் அமைப்பு இல்லாமல் இனத்தை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

பிறக்காமலே தடுக்கும் தொழில்நுட்பம்

இந்தியா தேர்ந்தெடுத்திருக்கும் வழி வேறு. 2014-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய கோகுல் திட்டத்தின் கீழ், பாலினம் பிரிக்கப்பட்ட உறைவிந்து ஊக்குவிக்கப்படுகிறது. இதைப் பயன்படுத்தினால் 90 விழுக்காடு அளவுக்குக் கிடேரிக் கன்றுகளே பிறக்கும். இதற்கான உள்நாட்டுத் தொழில்நுட்பம் 2024 அக்டோபரில் அறிமுகப்படுத்தப்பட்டபோது, ஒரு குச்சியின் விலை கணிசமாகக் குறையும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது.

வேண்டாத கன்று பிறந்து பட்டினி கிடப்பதைவிடப் பிறக்காமலிருப்பது மேல் என்ற வாதம் வலுவானது. மாடு வெட்டுவதை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் ஒருங்கே ஏற்கக்கூடிய தீர்வு இது ஒன்றே. சிறு விவசாயிக்கும் இரண்டு ஈற்றுக்கு ஒரு கிடேரி என்பது ஏறத்தாழ ஈற்றுக்கு ஒரு கிடேரி என்றாகிவிடும்.

ஆனால் இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பிரித்தெடுக்கப்பட்ட விந்தில் சினைபிடிக்கும் வாய்ப்பு சாதாரண விந்தைவிடச் சற்றுக் குறைவு. ஊசி தவறினால் மூன்று வாரம் கழித்து மீண்டும் முயல வேண்டும். பால் வருவாய் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். மேலும், பத்து ஆண்டுகளில் கிடேரிகள் பெருகினால், அவை அனைத்தையும் வைத்துக் காக்கத் தீவனமோ இடமோ இருக்காது. அப்போது இன்றைய காளைக்கன்றின் கேள்வி நாளை உபரிக் கிடேரியின் கேள்வியாகத் திரும்பி வரும்.

எல்லோருக்கும் பங்குள்ள கணக்கு

கரமனை ஆற்றங்கரையின் அக்கிரகாரங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. மாட்டிறைச்சி அவ்வீடுகளுக்குள் வருவதில்லை. பாலும் தயிரும் நாள்தோறும் வருகின்றன. அதே சாலையில் சற்றுத் தள்ளியுள்ள உணவகங்களில் மாட்டிறைச்சி வறுவல் முக்கிய உணவு. இவ்விரு தரப்பும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பதாகவே அரசியல் விவாதங்கள் சித்திரிக்கின்றன.

தொழுவத்தின் கணக்கு அவ்வாறு பிரிக்க இடந்தருவதில்லை. பாலுக்காக வளர்க்கப்படும் மாட்டிலிருந்தே இறைச்சிக்கான மாடும் வருகிறது. வற்றிய மாட்டுக்குக் கிடைக்கும் விலை விவசாயியின் கையில் சேர்வதால்தான் பாலின் விலை இப்போதுள்ள அளவில் நிற்கிறது. காளைக்கன்று குடிக்காமல் விட்ட பாலும் சங்கத்தின் கேனில்தான் சேர்கிறது. இறைச்சி உண்ணாதவரும் பாலின் வழியே இந்தக் கணக்கில் பங்கு பெறுகிறார்.

ஆகவே முதலில் தேவைப்படுவது வெளிப்படையான கணக்கு. 21-வது கால்நடைக் கணக்கெடுப்பு 2024 அக்டோபரில் தொடங்கியது. கணக்கெடுப்பு நடக்கும் நாளில் தொழுவத்தில் நிற்கும் மாடுகளை அது எண்ணும். அதற்கு முன்பே வெளியேறிய கன்றுகள் அதில் தெரியாது. ஒவ்வொரு கருவூட்டலும் பதிவாகும் மாநிலத்தில், பிறந்த காளைக்கன்று என்னவாயிற்று என்பதையும் பதிவு செய்வது கடினமான வேலையன்று.

இரண்டாவது தேவை, முறையான இறைச்சிக்கூடங்கள். திருவனந்தபுரம் குன்னுக்குழியிலிருந்த மாநகராட்சி இறைச்சிக்கூடம் மாசுப் புகாரால் மூடப்பட்ட பிறகு, தலைநகரம் பல ஆண்டுகள் சொந்த இறைச்சிக்கூடம் இல்லாமலே இருந்தது. கால்நடை மருத்துவர் பரிசோதித்து, வயதும் எடையும் குறித்து, தரம் பிரிக்கும் இடம் இருந்தால்தான் நல்ல கன்றுக்கு நல்ல விலை என்பது சாத்தியமாகும். நுகர்வோரின் உடல்நலத்துக்கும் அதுவே பாதுகாப்பு.

மூன்றாவது, முதல் 60 நாள்களின் செலவு. மேலே கண்ட கணக்கில் விவசாயி கன்றைக் கைவிடுவது அந்தக் காலத்தில்தான். பாலுக்குப் பதிலாகப் பால்பொடிக் கலவையும் தொடக்கத் தீவனமும் காளைக்கன்றுக்கும் மானியத்தில் கிடைத்தால், அது பட்டினியின்றிக் கூட்டு வளர்ப்பு மையத்தைச் சென்றடைய முடியும். குடும்பஸ்ரீ போன்ற மகளிர் குழுக்களைக் கொண்டுள்ள கேரளத்துக்கு, கன்றுகளைத் திரட்டி வளர்க்கும் அமைப்பை உருவாக்குவது இயலாத செயலன்று.

இவற்றைச் செய்ய விருப்பமில்லை என்றால், பாலினம் பிரிக்கப்பட்ட விந்தைச் சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகும் விலையில், சினைபிடிக்காத ஊசிக்கு ஈடுடன் வழங்குவதே அடுத்த வழி. வளர்ப்பதா, பிறக்காமல் தடுப்பதா என்ற இரண்டில் எதையும் அரசு தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் செய்யாமலிருந்தால், கன்றைப் பட்டினி போடும் முடிவை அன்றாடம் எடுக்கும் சுமை, இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது.

கேரளம் கடந்த அறுபது ஆண்டுகளில் பாலுக்கென்று ஒரு மாட்டினத்தையே உருவாக்கிக் காட்டியது. அந்த இனத்தில் பிறக்கும் காளைக்கன்றுக்கான கொள்கை இன்னும் எழுதப்படவில்லை. அது எழுதப்படும் வரை, உள்ளூர்க் கன்று தொழுவத்திலிருந்து கணக்கின்றி மறைவதும், இறைச்சிக்கான மாடு எல்லையைக் கடந்து கரமனை வழியே நகருக்குள் வருவதும் தொடரும்.